பாட்டில் வரும் ‘நாம்’ யார்?

ஒரு மணி நேர மேடைப் பேச்சைக் கேட்டுத் திரும்பிய ஒருவரிடம், “என்ன பேசினார்கள்?” என்று மறுநாள் கேட்டுப் பாருங்கள். இரண்டொரு கருத்துகளைத் தயங்கித் தயங்கிச் சொல்வார். அதே மேடையில் பேச்சுக்கு முன்னர் ஒலித்த பாட்டை மட்டும் மெட்டுப் பிசகாமல் பாடிக் காட்டுவார். பேச்சு செவியோடு நின்றுவிடுகிறது. பாட்டோ நாவில் ஏறி அமர்ந்துகொள்கிறது.

காரணம் எளிதானது. பேச்சைக் கேட்கும்போது, “இவர் இப்படிச் சொல்கிறார், சரிதானா?” என்று மனம் எடை போட்டுக்கொண்டே இருக்கும். பாட்டை நாமே பாடத் தொடங்கிவிட்டால் அந்தத் தராசு கையை விட்டு நழுவிவிடும். பாடுகிறவர் எவரும் ஒவ்வோர் அடியின் முடிவிலும் “என்று கவிஞர் கூறினார்” எனச் சேர்த்துப் பாடுவதில்லை. பிறருடைய கூற்று நம்முடைய கூற்றாகவே வெளிவருகிறது. பாட்டின் வலிமை இதுதான். பாட்டைக் குறித்து நாம் விழிப்போடு இருக்க வேண்டியதன் காரணமும் இதுதான்.

நாவன்மையில் ஒருவகைச் சூனியம் உண்டு என்ற கருத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் மொழிந்துள்ளார்கள். திருமறையின் 26ஆம் அத்தியாயத்துக்குக் ‘கவிஞர்கள்’ என்பதே பெயர். செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களை அவ்வத்தியாயத்தின் இறுதி வசனங்கள் கண்டிக்கின்றன. ஈமான் கொண்டு நற்செயல் புரிவோருக்கு அங்கேயே விதிவிலக்கும் அளிக்கின்றன. கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே மேடை அமைத்துக் கொடுக்கப்பட்டது. ஆக, பாட்டின் கருவிகள் ஒன்றுதான். அவற்றின் நோக்கமே நன்மை தீமையைத் தீர்மானிக்கிறது. அந்த நோக்கத்தைக் கண்டறிவது எவ்வாறு?

தொல்காப்பியர் தந்த திறவுகோல்

மதரஸாக்களில் அரபு அணியிலக்கணமாகிய ‘பலாகா’வை மூன்று பிரிவுகளாகக் கற்பிக்கின்றோம். சூழலுக்கேற்பச் சொல்லமைப்பது மஆனீ; ஒரே பொருளைப் பல வழிகளில் விளக்குவது பயான்; சொல்லையும் பொருளையும் அழகுபடுத்துவது பதீஃ. தமிழில் தண்டியலங்காரம் முப்பத்தைந்து பொருளணிகளை எடுத்துரைக்கின்றது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், சொல்பவரின் நன்மதிப்பு, கேட்பவரின் உணர்ச்சி, சொல்லப்படும் காரணம் ஆகிய மூன்றின் வழியே இணங்க வைத்தல் நிகழ்கிறது என்றார்.

எனினும் வீட்டில் அமர்ந்து ஒரு பாட்டை ஆராய விரும்பும் எளிய வாசகருக்கு மிகவும் பயன்படுவது தொல்காப்பியத்தின் செய்யுளியலே. செய்யுளின் உறுப்புகளாக அது எண்ணும் முப்பத்து நான்கில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகிய ஐந்தும் அடங்கியுள்ளன. யார் பேசுகிறார்? யாரிடம் பேசுகிறார்? எங்கே? எப்போது? எதற்காக? இந்த ஐந்து வினாக்களையும் கையில் வைத்துக்கொண்டு, தமிழர் நன்கறிந்த சில பாடல்களை அணுகிப் பார்ப்போம்.

நடக்க வைத்த பாட்டு

எங்கள் பாகலூரிலிருந்து ஓசூர் சென்று, அங்கிருந்து சற்றே பயணம் செய்தால் தொரப்பள்ளி வரும். 1878இல் இராஜாஜி பிறந்த ஊர் அது. அவர் தலைமையில் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக வேதாரண்யம் நோக்கி நடந்தனர். அந்த நடைப்பயணத்துக்கென்றே நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை ஒரு வழிநடைப் பாடலை எழுதித் தந்தார். தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ அளிப்பவர் தண்டிக்கப்படுவர் என எச்சரித்திருந்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுச் சென்றனர். ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளப்பட்டது, இராஜாஜி கைதானார்.

அந்தப் பாட்டு செய்த பணியைக் கவனியுங்கள். கேட்போர் இரு திறத்தார். “ஆயுதம் ஏந்தாத போராட்டம் கோழைத்தனமன்றோ?” என்று எண்ணிய இளைஞர் ஒரு புறம், “பிள்ளைகள் இரத்தம் சிந்தி விடுவார்களோ?” என அஞ்சிய பெற்றோர் மறுபுறம். கவிஞர் இதனைப் போர் என்றே அழைக்கிறார். அதே மூச்சில் ஆயுதமும் காயமும் இல்லாத போர் என்றும் சொல்லிவிடுகிறார். இளைஞருக்கு வீரம் கிடைத்தது. பெற்றோருக்கு ஆறுதல் கிடைத்தது. முரண் என்னும் ஓர் அணி இரு வகைக் கேட்போரையும் ஒரே வரியில் இணைத்துவிட்டது.

இரண்டாவது நுட்பம் அழைப்பில் உள்ளது. சாதியோ சமயமோ செல்வமோ அங்கே நிபந்தனையாக வைக்கப்படவில்லை. உண்மை அழியாதது என நம்புவோர் எவராயினும் வரலாம் என்பதே அழைப்பின் சாரம். இவ்வழைப்பை மறுப்பது எளிதன்று. வீட்டு வாசலில் நிற்பவர், “நான் வரவில்லை” என்றால், “நான் உண்மையை நம்பவில்லை” என்று தானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும்! இது கேட்பவரைச் சற்றே நெருக்கும் உத்திதான். ஆனால் அங்கே சொன்னவர்கள் நடந்து காட்டினார்கள், சிறைக்கும் சென்றார்கள். கூற்றுக்கும் செயலுக்கும் இடைவெளி இல்லாததால் அந்த உத்தி நேர்மையான உத்தியாயிற்று.

சிறுவனிடம் சொல்லிப் பெரியவரைத் திருத்துதல்

நடைப்பயணம் தொடங்கிய அதே 1930 ஏப்ரல் 13 அன்று பிறந்தவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1959இல், முப்பது வயது நிறைவதற்கு முன்னரே மறைந்துவிட்டார். அவர் எழுதி, 1961இல் வெளிவந்த ‘அரசிளங்குமரி’ திரைப்படத்தில் இடம்பெற்ற ஒரு பாடல், ஒரு சின்னப் பையனை அழைத்துச் சேதி சொல்வதாக அமைந்தது. உடல் வளர்ந்தால் மட்டும் போதாது, அறிவும் வளர வேண்டும். பேய் பிசாசு என்று அச்சமூட்டுவோரை நம்பாதே என்பன அதன் உபதேசங்கள்.

இங்கே ‘கேட்போர்’ யார்? பாட்டுக்குள் கேட்பவன் சிறுவன். திரையரங்கிலும் தேநீர்க் கடை வானொலியிலும் கேட்டவர்களோ வளர்ந்தவர்கள். “நீ மூடநம்பிக்கையை விடு” என்று ஒரு நாற்பது வயதுக்காரரிடம் நேரே சொன்னால் அவருக்குச் சினம் வரும். பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் சொன்னால் அவரும் தலையசைப்பார். மாமியார் மகளிடம் சொல்லி மருமகளுக்கு உணர்த்துவது நம் வீடுகளில் புதிதல்லவே! கவிஞர் அந்த வீட்டு வழக்கத்தை நாட்டுக்கே பயன்படுத்தினார். கேட்பவரின் மானத்தைக் காத்துக்கொண்டே அவரைத் திருத்துவது இவ்வுத்தியின் சிறப்பாகும்.

ஒரே குரல், இரு அழைப்புகள்

‘இசைமுரசு’ நாகூர் ஈ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் குரல் ஒலிக்காத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் அரிது. அதே குரல் திராவிட முன்னேற்றக் கழக மேடைகளிலும் பல்லாண்டுக் காலம் ஒலித்தது. பக்திப் பாட்டையும் பிரச்சாரப் பாட்டையும் ஒப்பிட்டு ஆராய இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

இறைவனை நோக்கிக் கைகளை உயர்த்தச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற பாடலை எடுத்துக்கொள்வோம். அதனை எழுதியவர் ஆர். அப்துல் சலாம். பல்லவியில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான ‘இறைவன்’ என்ற தமிழ்ச் சொல்லே அமைந்துள்ளது. ‘அல்லாஹ்’ என்ற திருப்பெயர் பின்னர்தான் வருகிறது. தெருவில் நடப்பவர் எவரும் தயக்கமின்றி உள்ளே வரும்படி வாசல் திறந்திருக்கின்றது. பிற சமயத்தாரும் அதனை விரும்பிக் கேட்பதற்கு இச்சொல்லாட்சி ஒரு முக்கியக் காரணம் எனலாம். மேலும், இறைவன் தருவான் என்று நேரே உறுதியளிக்காமல், அவன் மறுப்பவன் அல்லன் என்று எதிர்மறையால் சொல்கிறது பாட்டு. வாழ்வில் பல கதவுகள் அடைபட்டவருக்குத்தான் ‘மறுப்பதில்லை’ என்னும் சொல்லின் ஆழம் விளங்கும்.

அந்தப் பாட்டின் வினைச்சொல் ஏவல்; அதாவது கட்டளை. மஆனீ நூலார் கட்டளையை மூவகையாகப் பிரிப்பர். மேலோர் கீழோரிடம் கூறினால் ஆணை. கீழோர் மேலோரிடம் கூறினால் துஆ. ஒத்தவர் ஒத்தவரிடம் கூறினால் வேண்டுகோள். இங்கே பாடுபவரும் கையேந்தும் அடியாரே, கேட்பவரும் அப்படியே. எனவே அது ஆணையாக ஒலிக்காமல், துயருற்ற ஒருவரின் தோளைத் தொட்டுச் சொல்லும் அன்பு மொழியாக ஒலிக்கின்றது.

கழக மேடைகளில் அவர் பாடியவற்றுள், அண்ணா அழைக்கின்றார் என்று அறிவிக்கும் பாடல் மிகவும் பெயர் பெற்றது. இங்கே அமைப்பு மாறுகிறது. அழைப்பவர் தலைவர், பாடகர் அந்த அழைப்பைக் கொண்டுவரும் தூதர், கேட்பவர் எழுந்து செல்ல வேண்டியவர். தலைவரின் இயற்பெயராகிய அண்ணாதுரை சுருங்கி ‘அண்ணா’ என்றானபோது, அப்பெயரை உச்சரித்த ஒவ்வொருவரும் தம்மையறியாமலே தம்பியாகிவிட்டனர். அவரும் தம் கடிதங்களைத் ‘தம்பி’ என்று விளித்தே எழுதினார். கொள்கையை ஆராய்வதற்கு முன்பே உறவு ஏற்பட்டுவிடுகிறது. அண்ணன் கூப்பிட்டால் தம்பி காரணம் கேட்பதில்லை அன்றோ? 1949இல் தோன்றிய இயக்கம் 1967இல் ஆட்சிக்கு வந்ததற்குக் காரணங்கள் பல. அவ்வுறவை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததில் பாட்டுக்கும் ஒரு பங்குண்டு.

பக்திப் பாட்டு, பாடகரையும் கேட்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி மேல்நோக்கிப் பார்க்க வைத்தது. பிரச்சாரப் பாட்டு ஒரு மனிதரை நடுவில் நிறுத்தி அவரைச் சுற்றித் திரள வைத்தது. குரல் ஒன்று, கருவியும் ஏறத்தாழ ஒன்று, பயன் வேறு. ஒரு பாட்டை நம்பிய செவி, அதே குரலில் வரும் மறு பாட்டையும் எளிதில் நம்பும். எனவே குரலின் மீதுள்ள அன்பையும், சொல்லின் மீது வைக்கும் தீர்ப்பையும் வேறு வேறாக வைத்துக்கொள்வது நல்லது.

கடைத்தெருவின் பாட்டு

வணிகரும் இக்கலையை நன்கறிவர். எங்கள் பகுதியில், ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டைட்டான் கடிகார நிறுவனம், மோசார்ட் 1773இல் இயற்றிய 25ஆம் சிம்பொனியின் இசைத் துணுக்கைத் தன் விளம்பரங்களின் அடையாளமாக்கிக்கொண்டது. கேட்டவுடன் கடிகாரம் நினைவுக்கு வரும். ஆனால் சொற்கள் இல்லாத அம்மெட்டு எதையும் வாதிடுவதில்லை. நிர்மா சலவைத்தூளின் விளம்பரப் பாட்டோ சொற்களால் ஆனது. அது நான்கு பெண்களின் பெயர்களை அடுக்கி, அவர்கள் அனைவருக்கும் பிடித்தது இதுவே என்கிறது. நான்கு பேரைச் சொல்லி நாட்டையே சொன்னதாக நம்மை எண்ண வைக்கும் உத்தி இது. மெட்டு நினைவூட்டும், சொல்தான் ஒரு பக்கம் சாய வைக்கும். ஆகவே ஆராய வேண்டியது சொல்லையே.

நாமும் நாங்களும்

சொற்களுள் மிகச் சிறியதும் மிக வலியதுமான ஒன்றைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். தமிழில் தன்மைப் பன்மைக்கு இரு சொற்கள் உள்ளன. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. இறைவனிடம் நம் வணக்கத்தைத் தமிழில் எடுத்துரைக்கும்போது ‘நாங்கள்’ என்கிறோம். ‘நாம்’ என்றால் வணங்கப்படுபவனையும் வணங்குவோர் கூட்டத்தில் சேர்த்ததாகிவிடும்.

பாகலூர் கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். மாலூர் செல்லும் சாலை எங்கள் ஊர் வழியேதான் போகிறது. எங்கள் மக்தபுக்கு வரும் பிள்ளைகள் பலர் வீட்டில் உருதுவும், பள்ளியில் தமிழும், அண்டை வீட்டில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும் பேசுகின்றனர். ஒருநாள் கரும்பலகையில் ‘வெல்வோம்’ என்று எழுதி, “இதில் ‘நாம்’ இருக்கிறதா, ‘நாங்கள்’ இருக்கிறதா?” என்று கேட்டேன். தெலுங்கு நன்கறிந்த ஒரு மாணவி, “ஹஜ்ரத், தெலுங்கிலும் இரண்டு உண்டு. ‘மனமு’ என்றால் நீங்களும் சேர்த்தி, ‘மேமு’ என்றால் நீங்கள் இல்லை” என்றாள். கன்னடத்து ‘நாவு’க்கும் உருதுவின் ‘ஹம்’முக்கும் அந்த வேறுபாடு இல்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தனர். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, “ஹஜ்ரத், வெல்வோம் என்றால் தோற்கப்போவது யார்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் அந்த வினாவைக் கரும்பலகையிலேயே எழுதி வைத்தேன்.

ஏனெனில் இலக்கணத்தின் நுட்பம் அங்கேதான் உள்ளது. ‘நாம் வெல்வோம்’, ‘நாங்கள் வெல்வோம்’ இரண்டிலும் வினைமுற்று ஒன்றே. பாட்டில் பெரும்பாலும் எழுவாய் மறைந்து வினை மட்டும் நிற்கும். மெட்டோடு சேர்ந்து பாடும் ஒவ்வொருவரும் தாம் உள்ளே இருப்பதாகவே எண்ணிக்கொள்வர். வெளியே நிறுத்தப்பட்டவர் யாரென்பது பாட்டு முடியும்வரை பலருக்குத் தெரிவதில்லை. நிறுத்தப்பட்டவருக்கு மட்டும் தெரியும்.

நல்ல கவிஞர் இந்த ஐயத்துக்கு இடம் வைப்பதில்லை. 1961இல் வெளிவந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில், கண்ணதாசன் எழுதி, டி.எம். சௌந்தரராஜனும் ஹனிபாவும் இணைந்து பாடிய கொண்டாட்டப் பாடலில், ‘எல்லோரும்’ என்ற சொல் முதலிலேயே வந்து கதவை அகலத் திறந்துவிடுகிறது. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லும் பாட்டு அது. ஆயினும் எவரையும் வெளியே நிறுத்தவில்லை.

எல்லையில் வாழ்வோருக்கு இது வெறும் இலக்கணமன்று. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் கலவரம் வெடித்தபோது, ஆயிரக்கணக்கான தமிழர்கள் எல்லை கடந்து தமிழகம் திரும்பினர். 2016 செப்டம்பரில் மீண்டும் வன்முறை மூண்டு பேருந்துகள் எரிக்கப்பட்டன. மாநிலங்களுக்கிடையே பேருந்துகள் ஓடாமல், பயணிகள் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே மூட்டை முடிச்சுகளுடன் நடந்தனர். பாட்டுதான் தீ மூட்டியது என்று நான் சொல்லவில்லை. அத்தகைய நாள்களில் ‘நாங்கள்’ என்ற சொல் எவ்வளவு கூர்மையடைகிறது என்பதையே சொல்கிறேன். அத்தகைய வேளையில் அண்டை வீட்டாரைப் பகைவராகக் காட்டும் பாட்டு ஒன்று ஒலிபெருக்கியில் ஒலித்தால், அதன் பொருளறியாத சிறுவனும் மெட்டுக்காகப் பாடுவான். அவன் பாடுவதைக் கேட்கும் பக்கத்து வீட்டுத் தாய்க்குப் பொருள் புரியும். அது எந்த மொழியின் பாட்டாயினும், எந்தச் சமயத்தின் பாட்டாயினும், நம்முடையதேயாயினும், தீங்கு ஒன்றே.

வீட்டில் கேட்க வேண்டிய ஐந்து வினாக்கள்

இன்று பிள்ளைகளின் கையிலுள்ள செல்போனில் முழுப்பாட்டு வருவதில்லை. அரை நிமிடக் காணொளியில் பல்லவி மட்டும் வருகிறது. பல்லவி முழங்கும், சரணமே விளக்கும், நிபந்தனை சொல்லும், தணிக்கும். சரணம் அறுந்துபோன பாட்டு, காரணம் அறுந்துபோன முழக்கமாகிவிடுகிறது. எனவே தாய்மாரே, தந்தைமாரே, பாட்டைத் தடுத்துவிட்டோம் என்று நிறைவடைய வேண்டாம். தடுக்கப்பட்டது தெருமுனையில் கேட்கும். பிள்ளையை அருகில் அமர்த்தி முழுப்பாட்டையும் ஒருமுறை மெட்டில்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். மெட்டு நீங்கியதும் சொல் தன் உண்மை முகத்தோடு எதிரே நிற்கும். பிறகு இந்த ஐந்தையும் கேளுங்கள்.

இதில் பேசுகிறவர் யார். தாம் சொல்வதைச் செய்கிறவர்தாமா? இதைக் கேட்க வேண்டியவர் யார். உள்ளே அழைக்கப்படுபவர் யார், வெளியே நிறுத்தப்படுபவர் யார்? எந்த இடத்தில் இது பாடப்படுகிறது. அண்டை வீட்டார் எதிரிலும் இதைக் கூச்சமின்றிப் பாட முடியுமா? ஏன் இந்த வேளையில் பாடப்படுகிறது. தேர்தலா, திருவிழாவா, விற்பனையா? பாடி முடித்தபின் நம்மிடமிருந்து எதை எதிர்பார்க்கிறது. வாக்கையா, காசையா, சினத்தையா, கண்ணீரையா, நற்செயலையா?

இவ்வினாக்களால் நல்ல பாட்டுக்குக் குறைவு நேராது. வேதாரண்யப் பாட்டும், சிறுவனுக்குச் சேதி சொன்ன பாட்டும், கையேந்தச் சொன்ன பாட்டும் இச்சோதனையில் மேலும் ஒளிர்வதையே கண்டோம். பொய்யான பாட்டு மட்டுமே வினாவுக்கு அஞ்சும். நம் பிள்ளைகள் பாடட்டும்; தாம் பாடுவது இன்னதென்று அறிந்து பாடட்டும். அவர்கள் வாயில் வரும் ‘நாம்’ என்ற சொல்லில் பக்கத்து வீட்டாருக்கும் ஓர் இடம் இருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!